பச்சை டிக்

"ஒருத்தனையும் நம்ப முடியல, மேடம்."

பரந்தாமன் உட்காருவதற்கு முன்பே இதைச் சொன்னார். நாற்காலியையும் அவர் நம்பவில்லை. ஒருமுறை அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். முப்பது வருடமாகக் கட்டடம் கட்டுகிறவர், அப்படித்தான் இருப்பார்.

எதிரே இருந்தவர் ஜெசிந்தா. திருச்சியில் கான்கிரீட் சோதனைக்கூடம் நடத்துகிறார். கட்டுமான இடங்களிலிருந்து வரும் கான்கிரீட் கட்டிகளை இயந்திரத்தில் வைத்து நசுக்கி, எவ்வளவு தாங்கியது என்று எழுதிக் கொடுப்பது அவர் தொழில். பரந்தாமனைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆனாலும் இன்ஜினியர்கள் கட்டியோடு சேர்த்துத் தங்கள் குழப்பத்தையும் அவரிடம்தான் கொண்டுவருவார்கள்.

"என்ன சார் விஷயம்?"

"ஆப் ஒண்ணு வாங்கணும். சைட்ல யார் யாருக்கு என்ன வேலை, முடிச்சாங்களா இல்லையான்னு பாக்குற ஆப். மூணு கம்பெனிக்காரன் வந்து உயிரை எடுக்குறான். எதுல பொய் சொல்ல முடியாது? அதை மட்டும் சொல்லுங்க."

"மூணையும் ஓட்டிப் பாத்தீங்களா?"

"மாசத்துக்கு ஒண்ணு."

"எப்படி?"

"முதல் ஆப்ல வேலை முடிஞ்சா பச்சை டிக் போடணும். ஒரே வாரத்துல எல்லாமே பச்சை. தோண்டாத குழியெல்லாம் பச்சை."

"சரி."

"அடுத்ததுல போட்டோ எடுத்துப் போடணும். மூணு பிளாக்குக்கு மூணு போட்டோ வந்துச்சு. மூணுலயும் அதே நீல வாளி, அதே மூலையில."

"ம்."

"மூணாவது, ஆள் எங்க நிக்கிறான்னு மேப்ல காட்டும். காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் ஒருத்தன் இடத்தை விட்டு நகரல. எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு. நேர்ல போய்ப் பாத்தா, எல்லா போனையும் ஒரு சிமென்ட் சாக்குல போட்டுத் தூண் கம்பியில தொங்கவிட்டிருக்கானுங்க. ஆளுங்க டீக்கடையில."

ஜெசிந்தா சிரித்துவிட்டார்.

பரந்தாமன் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தினார்.

"இந்தக் கம்பெனிக்காரங்க யாரும் உங்களை வந்து பாக்கலையே?"

"இல்ல சார்."

"கமிஷன், கிமிஷன்..."

"இல்ல சார்."

அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொருமுறை ஜெசிந்தாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டார்.

"உங்க கட்டி ஒண்ணு இன்னைக்கு உடைக்க வேண்டியிருக்கு. வாங்க," என்றார் ஜெசிந்தா.

கட்டியை இயந்திரத்தில் வைத்தார். இருபத்தைந்து மெகாபாஸ்கல் அழுத்தம் தாங்கினால் போதும். முள் முப்பதைத் தாண்டியது, நாற்பதைத் தாண்டியது. நாற்பத்து மூன்றில்தான் கட்டி உடைந்தது.

"பாத்தீங்களா!" பரந்தாமன் கத்தினார். "சோதனைக்குப் போற கட்டிக்கு மட்டும் சிமென்ட்டை அள்ளிக் கொட்டியிருக்கானுங்க. கல்லுலகூடப் பொய் சொல்றானுங்க மேடம்!"

"உங்க கட்டி கடைசியா எப்ப ஃபெயில் ஆச்சு?"

"ரெண்டு வருஷம் இருக்கும்."

"என்ன செஞ்சீங்க?"

"அதைப் போட்ட சூப்பர்வைசரை அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுகூட ஃபெயில் ஆகல."

ஜெசிந்தா துடைப்பத்தை எடுத்து உடைந்த துண்டுகளைக் கூட்டி அள்ளினார்.

பரந்தாமன் நின்றுகொண்டே இருந்தார். பிறகு வேறு குரலில் பேசினார்.

"போன வருஷம் ஒரு சைட்ல கூரை கான்கிரீட் போடும்போது, அதைக் கீழேருந்து தாங்குற சென்ட்ரிங் பலகை, முட்டு எல்லாம் சரிஞ்சு விழுந்துச்சு. இருளாண்டின்னு ஒருத்தன். முப்பத்தோரு வயசு. இடுப்பு போயிடுச்சு, இன்னும் படுக்கையிலதான் கிடக்கான். அன்னைக்குக் காலையில கேட்டேன் மேடம். எல்லாம் சரியா இருக்குன்னுதான் சொன்னாங்க."

பரந்தாமன் பயந்துபோயிருந்தார். சந்தேகம் எல்லாம் மேல்பூச்சுதான்.

"நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு ரெடிமிக்ஸ் கான்கிரீட் லாரி வருது. சி பிளாக், தரைத்தளத்துக்கு மேல கூரை. பதினெட்டுப் பேர் ஏறி நிப்பாங்க."

"ஆப் என்ன சொல்லுது?"

"அந்த டிக் ஆப்தான் இன்னும் ஓடுது. பச்சை," என்று பரந்தாமன் தன் லேப்டாப்பைத் திறந்து காட்டினார்.

"மேஸ்திரியைக் கேளுங்க."

பரந்தாமன் போனை ஸ்பீக்கரில் போட்டார். சென்ட்ரிங் மேஸ்திரி சடையப்பன் எடுத்தார். பின்னால் சுத்தியல் சத்தம் கேட்டது.

"மேஸ்திரி, முட்டு எல்லாம் சரியா இருக்கா?"

"முடிஞ்சிருச்சு சார். டிக் போட்டாச்சு சார்."

போனை வைத்தார்.

"நம்புறீங்களா?" என்றார் ஜெசிந்தா.

"இல்ல."

"திரும்பக் கேளுங்க."

பரந்தாமன் மறுபடி அழைத்தார். இந்தமுறை குரலில் தேன் தடவியிருந்தார்.

"மேஸ்திரி, ஏதாவது பாக்கி இருந்தா தைரியமா சொல்லுங்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

சடையப்பன் குரல் உயர்ந்தது.

"சத்தியமா முடிஞ்சிருச்சு சார். யாராவது ஏதாவது சொன்னாங்களா சார்?"

போனை வைத்தார். "இப்ப சந்தேகம் ஜாஸ்தியாயிடுச்சு," என்றார்.

"யாருக்கு?" என்றார் ஜெசிந்தா.

பதிலுக்குக் காத்திருக்காமல் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினார். சி பிளாக்கில் தட்டினார். மேலிருந்து கீழே விரலை ஓட்டிக்கொண்டே வந்து கடைசி வரியில் நிறுத்தினார்.

'கான்கிரீட் போடும் முன் முட்டுகளை நேரில் சரிபார்த்தல்: பரந்தாமன்.'

அதிலும் பச்சை டிக்.

"எப்ப பாத்தீங்க சார்?"

"இன்னைக்குக் காலையில."

"உள்ள குனிஞ்சு போய்ப் பாத்தீங்களா?"

பரந்தாமன் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டினார்.

"முட்டி வலி மேடம்," என்றார். "கார்லேருந்தே பாத்தேன்."

வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. ஜெசிந்தா போனை எடுத்து அவர் கையில் வைத்தார்.

பரந்தாமன் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது. தன் வேலையாட்களில் ஒருவரிடம் இப்போது சொல்லப்போகிற மாதிரி ஒரு வார்த்தையை இத்தனை வருடத்தில் அவர் சொன்னதே இல்லை. கடைசியில் எண்ணை அழுத்தினார்.

"சார்?" சடையப்பன் குரலில் பயம் தெரிந்தது.

"மேஸ்திரி, நான் உள்ள வந்து பாக்கல. பாக்காமலே டிக் போட்டுட்டேன். என் வேலை முடியல."

அந்தப் பக்கம் சுத்தியல் சத்தம் நின்றது. யாரையோ தள்ளிப் போகச் சொல்லிவிட்டு சடையப்பன் தனியாக நடந்து வருவது கேட்டது.

"சார்... மூணாவது வரிசை முட்டுக்கு அடியில பலகை வைக்கல சார். புதுசாக் கொட்டுன மண்ணு மேலேயே நிக்குது, பாரம் ஏறுனா இறங்கிரும். ரெண்டு நாள் குடுங்க சார்."