வாதாமரத்துக்கு ஒரு கட்டில்

பாளையங்கோட்டையை ஒட்டி ஒரு காலனி. அங்கே, கடவுள் கொடுத்த மூளையைச் செலவழிக்காமல் அப்படியே பத்திரமாக வைத்திருந்த மூன்று பேர் இருந்தார்கள்: ஆவுடையப்பன், தீத்தாரப்பன், சூசையா. மூவரும் ஒரே அரிசி ஆலையில் வேலை பார்த்து ஒன்றாக ஓய்வு பெற்றவர்கள். அதற்கப்புறம்தான் ஆலை லாபத்தில் ஓட ஆரம்பித்தது என்று பேச்சு. நான் அதற்குள் போகவில்லை.

ஓய்வு பெற்ற கையோடு ஆவுடையப்பனுக்குத் தூக்கம் போய்விட்டது. புரள்வார், பெருமூச்சு விடுவார், "வடிவு, தூங்கிட்டியா?" என்று தூங்குகிறவளை எழுப்பிக் கேட்பார். அவர் மனைவி செண்பகவடிவு பொறுத்துப் பார்த்துவிட்டு முடிவாகச் சொன்னாள்.

"சிவராத்திரிக்கு முழிச்சா உங்களுக்குப் புண்ணியம். தெனமும் முழிச்சா எனக்குல்லா கிறுக்குப் பிடிக்கும். தை முடியதுக்குள்ள நீங்க தூங்கணும். இல்லேன்னா நான் தூத்துக்குடியில மக வீட்டுல போயித் தூங்கிக்கிடுதேன்."

கேஸ் அடுப்பை எந்தப் பக்கம் திருக வேண்டும் என்றுகூடத் தெரியாத மனிதர் அவர். அரண்டுபோய், நண்பர்களோடு மனநல டாக்டரிடம் ஓடினார்.

டாக்டர் சின்னப் பெண். பொறுமையாகத்தான் சொன்னாள். "மாத்திரை அப்புறம் பார்க்கலாம். மரமும் மண்ணும் மனசுக்குப் பெரிய மருந்து. தினம் காலையில ஒரு மரத்தடியில உட்காருங்க. மனசுல இருக்கிறதை எல்லாம் மரத்துக்கிட்ட சொல்லுங்க. பாரம் இறங்கிடும்."

"சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டார் சூசையா.

டாக்டர் மணியை அடித்து அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

காலனிப் பூங்காவில் இருப்பது ஒரே ஒரு வாதாமரம். மறுநாள் காலை மூவரும் அதன்முன் போய் நின்றார்கள். ஆவுடையப்பன் வாயைத் திறக்கும்போது தீத்தாரப்பன் தடுத்தார்.

"இரும் வே. மரத்துக்கு மூஞ்சி எந்தப் பக்கம்?"

"எதுக்குக் கேக்கீரு?"

"முதுகைப் பாத்துப் பேசினா மரியாதையாவா இருக்கும்?"

சூசையா மரத்தைச் சுற்றி வந்தார். "வாசல் எல்லாம் ரோட்டைப் பாத்துத்தான் வைக்கிறது. மூஞ்சியும் அப்படித்தான் இருக்கும்."

"பின்னாலயும் ரோடு கெடக்கே?"

வெயில் ஏறும்வரை விவாதித்து, கடைசியில் ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்தார்கள். மூஞ்சி எங்கே இருந்தாலும் யாராவது ஒருவர் சொல்வது போய்ச் சேரும் அல்லவா? "எனக்குத் தூக்கமே வரல" என்று மூவரும் ஒரே குரலில் சொன்னார்கள். அதில் இரண்டு பேர் குறட்டை தெருமுனைவரை கேட்கும்.

தினமும் சொன்னார்கள். ஆவுடையப்பனுக்குத் தூக்கம் வரவில்லை. ஆனால் மரத்தின் இலைகள் சிவந்து, கொட்ட ஆரம்பித்தன. தை மாதத்தில் வாதாமரம் இலை உதிர்க்கும். மூன்றாம் வகுப்பில் கான்வென்ட் சிஸ்டர் பிரம்பைக் காட்டிச் சொல்லிக்கொடுத்த பாடம். இவர்கள் அன்றைக்கு லீவு போலிருக்கிறது.

"பாரம் இறங்கிடும்னு டாக்டரம்மா சொன்னாவளே, எங்க இறங்கும்னு கேட்டமா?" என்றார் தீத்தாரப்பன். "இது தலையிலல்லா இறங்கியிருக்கு. மூணு பேரு சீக்கையும் ஒத்தை மரம் வாங்கிக்கிட்டு நிக்கி."

சீக்காளியை வெறுங்கையோடு பார்க்கப் போகலாமா? அன்று சாயங்காலமே ஹார்லிக்ஸ், சாத்துக்குடி, ஒரு பாக்கெட் ரொட்டியோடு வந்தார்கள். ரொட்டியை வேரில் சாய்த்துவைத்தார்கள். ஹார்லிக்ஸைக் கலக்கி, சூடு பார்த்து, தூரில் ஊற்றினார்கள். காலையில் எறும்பு சாரை சாரையாக வந்து நின்றது.

"பாத்தீரா, தகவல் போயி சொந்தக்காரவுக எல்லாம் வந்துட்டாவ" என்றார் சூசையா. ஆவுடையப்பன் துள்ளிக் குதித்துக்கொண்டிருந்தார். சொந்தக்காரர்கள் அவர் வேட்டிக்குள் இருந்தார்கள்.

எல்லாவற்றையும் உதறி முடித்தபிறகு அவருக்கு ஒன்று உறைத்தது.

"வே, நான் நேத்து பாத்தப்பமும் இது நிக்கி. இன்னைக்கும் நிக்கி. முளைச்ச நாள்லேருந்து ஒருக்காவாவது படுத்திருக்குமா?"

மூவரும் மரத்தை அண்ணாந்து பார்த்தார்கள். சூசையா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

செண்பகவடிவு கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து அவளுடைய நாடாக்கட்டிலைத் தூக்கி வந்தார்கள். மரத்தடியில் போட்டு, தலையணை வைத்து, கிளையில் கயிற்றைக் கட்டி, "மெள்ள, மெள்ள" என்று இழுத்தார்கள். கயிறு அறுந்து மூன்று பேரும் படுத்தார்கள். மரம் படுக்கவில்லை.

"பாவம், அதுக்குப் படுக்கத் தெரியல. யாரு சொல்லிக்குடுத்தா?" என்றார் தீத்தாரப்பன்.

"நான் சொல்லிக்குடுக்கேன்" என்று ஆவுடையப்பன் கட்டிலுக்குப் போனார். "இங்க பாரு தாயி. முதல்ல உக்காரணும். பொறவு காலை நீட்டணும். கையைத் தலைக்கு அண்டக் குடுக்கணும். கண்ணை மூடணும். அப்புறமா..."

அப்புறம் என்ன என்று மரத்துக்குத் தெரியாமலே போய்விட்டது. காற்று சிலுசிலுவென்று அடித்தது. ஆவுடையப்பனிடமிருந்து, ஓய்வு பெற்றதற்குப் பிறகு முதன்முதலாக, ஆலை மிஷின் ஓடுவதுபோல் ஒரு குறட்டை கிளம்பியது.

கட்டிலும் காணோம், கட்டியவனும் காணோம் என்று செண்பகவடிவு பையில் துணியை அடைத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டாள். பஸ் ஸ்டாப்புக்குப் பூங்கா வழியாகத்தான் போக வேண்டும். குறட்டையைக் கேட்டு நின்றாள். கண் லேசாகக் கலங்கியது. பையைக் கீழே வைத்தாள். பிறகுதான் மற்ற இருவரையும் கவனித்தாள். இரண்டு கைகளாலும் மரத்தை நெட்டித் தள்ளிக்கொண்டு, வேர்த்து வழிய நின்றார்கள்.

"அண்ணாச்சி, என்ன செய்யுதிய?"

"சத்தம் போடாதிய தாயி" என்று கிசுகிசுத்தார் தீத்தாரப்பன். "மரம் பாடத்தை நல்லாப் பாத்திருக்கு. எப்பம்னாலும் படுத்துரும். கட்டில்ல ஆளுல்லா கெடக்கு!"

செண்பகவடிவு குறட்டை விடுகிற புருஷனைப் பார்த்தாள், மரத்தைப் பார்த்தாள். "நல்லாப் பிடிங்க அண்ணாச்சி, விட்டுராதிய" என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்தித் தூங்கினாள்.

வெயில் சாய்ந்தது. ஆவுடையப்பன் அசையவில்லை. இவர்களும் கையை எடுக்கவில்லை.

"வே, எனக்குத் தூக்கம் சொக்குது" என்றார் சூசையா.

"எனக்குந்தான். மெதுவாப் பேசும், மரத்துக்குக் கேட்டுரப் போகுது."