கரடி வைத்த மூன்று காவல்

ஆற்றோரக் காட்டில் ஒரு கரடி. அதன் குகையில் ஒரு லேப்டாப். மேலே அணையில் மதகு திறந்தால் அதில் செய்தி வரும். உடனே கரடி தகர டின்னைத் தட்டும். கரையில் இருக்கிற பிராணிகள் மேட்டுக்கு ஓடிவிடும். ஏற்பாடு அவ்வளவுதான்.

கொஞ்ச நாளாக லேப்டாப் மக்கர் செய்தது. எதைத் திறந்தாலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. போன மழையில் செய்தி வருவதற்கு முன்னால் தண்ணீரே வந்துவிட்டது.

நீர்நாய் ஓடி வந்து கத்தியது. "மாமா! வளைக்குள்ளே தண்ணி! நாலு குட்டிக்கும் இன்னும் கண்ணு திறக்கலை, நீந்தவும் தெரியாது. அடுத்த தடவையும் இப்படின்னா நான் என்ன பண்ணுவேன்?"

கரடிக்கு வெட்கமாகப் போயிற்று. வெட்கம் சீக்கிரமே சந்தேகமாக மாறியது. எவனோ உள்ளே புகுந்து வேலை காட்டுகிறான்! யார்? குரங்குதான். கீபோர்டைத் தட்டுகிற மாதிரி விரல் வேறு யாருக்கு இருக்கிறது?

போய்ப் பிடித்தது. "ஏய்! வாயைத் திற! கன்னத்திலே என்ன?"

"நாவல்பழம். வேணுமா?"

"என் லேப்டாப்பிலே என்னடா எடுத்தே?"

"லேப்டாப்பிலே நாவல்பழம் காய்க்குமா மாமா?"

குரங்கு சிரித்தது. கரடிக்கு அந்தச் சிரிப்பே பிடிக்கவில்லை. குற்றவாளி இல்லையென்றால் இப்படிச் சிரிப்பானா?

அன்றைக்கே ஒரு காவல் மென்பொருளைப் போட்டது. லேப்டாப் இன்னும் மந்தமானது. 'பார்த்தாயா! காவலையும் ஏய்க்கிறான்!' முதல் காவலைக் கண்காணிக்க இரண்டாவதைப் போட்டது. இன்னும் மந்தம். மூன்றாவதையும் போட்டது. அது கேமரா வழியாகக் குகை வாசலை விடாமல் படம் பிடித்தது. இப்போது திரையில் அம்புக்குறிகூட நகரவில்லை.

ஒரு மத்தியானம் மலைப்பக்கம் கருகருவென்று இருட்டியது. நீர்நாய் வந்தது. கூடவே குரங்கு.

"இவன் எதுக்கு வந்தான்?" என்று கரடி உறுமியது.

"நான் உள்ளே வரலை, வாசல்லயே நிக்கிறேன்" என்றது குரங்கு. "நீயே அமுக்கு. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப். மூணும் ஒண்ணா."

"அமுக்கினா என்ன ஆகும்? என்ன திட்டம்டா உனக்கு?"

"மாமா!" நீர்நாய் மலைப்பக்கம் கை நீட்டியது. "மேகத்தைப் பாரு!"

கரடி அமுக்கியது. ரொம்ப நேரம் கழித்து ஒரு பட்டியல் வந்தது.

"மேலே மெமரின்னு இருக்கும். அதைத் தட்டு. நிறையத் தின்கிறவன் முதல்ல வருவான்."

தட்டியது. இப்போது மாட்டுவான் என்று மூக்கைத் திரையில் ஒட்டிக்கொண்டு பார்த்தது. முதல் பெயர், கரடி வைத்த காவல். இரண்டாவதும் அதுதான். மூன்றாவதும் அதுதான்! நூற்றில் தொண்ணூறு பங்கை மூன்றுமாய்த் தின்றுகொண்டிருந்தன.

"உன் பெயர் எங்கே?"

"இல்லை மாமா. இங்கேர்ந்தே தெரியுது, நீ முதல்ல ஏகப்பட்ட பக்கத்தைத் திறந்து மூடாம விட்டிருக்கே. அதான் மந்தம். அப்புறம் நீ வச்ச காவல்."

"பட்டியல் பொய் சொன்னா?"

"சொல்லட்டும்! லேப்டாப்போட வந்த காவல் ஒண்ணு இருக்கு, அது போதும். மத்த மூணையும் நிறுத்து!"

கரடியின் நகம் திரைமேல் தயங்கியது. காவலை எடுத்த நிமிஷம் குரங்கு பாய்ந்தால்? திரும்பிப் பார்த்தது. குரங்கு வாசலைத் தாண்டவில்லை. நீர்நாய் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தது.

கரடி மூன்று காவலையும் நிறுத்தியது. திறந்து கிடந்த பக்கங்களையும் மூடியது.

சிக்கிக் கிடந்த செய்தி சட்டென்று வந்து விழுந்தது. மதகு திறந்து இருபது நிமிஷம் ஆகிவிட்டது!

கரடி டின்னைத் தட்டிக்கொண்டே ஓடியது. வளையில் ஏற்கெனவே ஈரம் ஏறிவிட்டது. நீர்நாய் ஒரு குட்டியைக் கவ்வியது. குரங்கு இரண்டை அணைத்துக்கொண்டது. நாலாவதைக் கரடி பல் படாமல் வாயில் தூக்கிக்கொண்டு மேடேறியது. பின்னால் வளை தண்ணீருக்குள் போனது.

நீர்நாய் நாலு குட்டிகளையும் நக்கிப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டது.

தன் தவறைத் தேடாமல் அடுத்தவனைச் சந்தேகித்துக் காவல்மேல் காவல் வைப்பவனுக்கு, அந்தக் காவலே பெரும் கேடு.