ராஜா தடைசெய்த மூன்று சொற்கள்

அந்தக் காலத்தில் மேழிநாடு என்று ஒரு நாடு. அதை வீரகேசரி என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. எதையாவது கேட்டு உற்சாகம் வந்துவிட்டால் சிம்மாசனத்தில் உட்கார முடியாது. மூன்று படியையும் ஒரே தாவாகத் தாவி இறங்கிவிடுவார்.

இப்படிப்பட்டவருக்கு வழக்கு விசாரணை என்றால் வேப்பங்காய். ஒருவன் பிழை என்பான், இன்னொருவன் தவறு என்பான், தோற்றவன் அநீதி என்று கத்திக்கொண்டே வெளியே போவான். இதைக் கவனித்த ராயசக்காரர் ஏகாம்பரம், அதாவது ராஜாவின் ஆணைகளை எழுதுகிறவர், மெல்லக் காதைக் கடித்தார்.

“மகாராஜா, எதற்கு இத்தனை சொற்கள்? குற்றம் என்ற ஒன்று போதாதா? ஒரே சொல், ஒரே தண்டனை. நெற்றியில் சூடு, நாடு கடத்தல். விசாரணை இமைப்பொழுதில் முடிந்துவிடும்.”

ராஜா தாவி இறங்கி அவரைக் கட்டிக்கொண்டார். மறுநாளே பறை அறைந்தார்கள்: பிழை, தவறு, அநீதி ஆகிய மூன்று சொற்களும் இனி நாட்டில் இல்லை, உச்சரிப்பதும் குற்றம்.

அந்த ஆணையில் முதலில் மாட்டியவர் அரண்மனை நாழிகைக்காரர் சடையாண்டி. அண்டாத் தண்ணீரில் ஓட்டை வட்டிலை மிதக்கவிட்டு, அது மூழ்கும்போதெல்லாம் சேகண்டித் தட்டை அடித்து நாழிகை அறிவிப்பது அவர் வேலை. புதுத் தேர் ஓட்டும் நாளில் சேகண்டி பிந்திவிட்டது. ராஜா அலங்காரத்தோடு போய் நின்றபோது ராகு காலம் பிறந்திருந்தது. வந்திருந்த பக்கத்து நாட்டு ராஜாக்கள் மீசைக்குள் சிரித்தார்கள்.

“சேகண்டி பிந்தியதா?” என்று விசாரணையில் கேட்டார் ஏகாம்பரம்.

“பிந்துச்சுங்க. ஆனா...”

“குற்றம். அடுத்த வழக்கு.”

நாழிகைக்காரர் வேலையைத் தன் மருமகனுக்கு வாங்கித் தர ஏகாம்பரம் இரண்டு வருஷமாக அலைந்தது ஊரறிந்த விஷயம்.

சடையாண்டியின் மனைவி மாரக்காளுக்கு வயிறு எரிந்தது. ஏன் தெரியுமா? வட்டிலைப் புளி போட்டுத் தேய்த்தவள் அவள்தான். ஒரு புளி நார் ஓட்டையில் ஒட்டிக்கொண்டதை அன்று மாலைதான் கண்டுபிடித்தாள். தான் செய்ததற்கு அவர் நெற்றியில் சூடா? இருபது வருஷம் சேர்ந்து குடித்தனம் நடத்திவிட்டு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் அவரை ஒற்றையாக அனுப்புவதா? அழுதாள். அழுது முடித்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு யோசித்தாள். ராஜாவின் தாவும் கால் அவளுக்கு நினைவு வந்தது.

வேலை இழந்தவர் தன் தொழில் கருவியை அரசர் காலடியில் ஒப்படைத்துவிட்டுப் போவது மேழிநாட்டு வழக்கம். மறுநாள் சபையில் மாரக்காள் அண்டாவைக் கடைசிப் படியை ஒட்டி வைத்தாள். தண்ணீரை விளிம்பு வரை நிரப்பி, நார் எடுத்த வட்டிலை மிதக்கவிட்டாள்.

“கடைசியா ஒரே ஒரு நாழிகை சரியா மூழ்குறதைப் பாத்துருங்க மகாராசா. அப்புறம் சூடு போடுங்க.”

ஏகாம்பரம் தண்டனை ஓலையை வாசிக்கத் தொடங்கினார். தம் பட்டங்களைச் சொல்லி முடிக்கவே அரை நாழிகை ஆனது. அவரை யார் பார்த்தார்கள்? சபை முழுக்க வட்டிலைத்தான் பார்த்தது. பாதி மூழ்கியது. முக்கால் மூழ்கியது. ராஜா இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டார். விளிம்பில் தண்ணீர் எட்டிப் பார்த்தது.

“போச்சு, போச்சு, மூழ்கப் போகுது!” என்று ராஜா தாவினார்.

அண்டா உருண்டது. தண்ணீர் ஏகாம்பரத்தின் பட்டு வேட்டியை நனைத்துக்கொண்டு ஓடியது. வட்டில் தூணில் மோதி நசுங்கியது.

மாரக்காள் கைகூப்பினாள். “அரண்மனைச் சொத்து நசுங்கிருச்சு. இதுக்குப் பேரு என்னங்க மகாராசா?”

“அட, வேண்டுமென்றா உதைத்தேன்? தெரியாமல் கால் பட்டுவிட்டது. இது வெறும் பிழை அம்மா!”

ராஜா தம் வாயைத் தாமே பொத்திக்கொண்டார்.

“அந்தச் சொல்தான் நாட்டுல இல்லீங்களே,” என்றாள் மாரக்காள்.

ஏகாம்பரம் பாய்ந்து வந்தார். “ஆணை குடிகளுக்குத்தான், மகாராஜாவுக்கு இல்லை.”

“அப்ப, ஒரே மாதிரி காரியத்துக்கு மகாராசாவை விட்டுட்டு எங்க வீட்டுக்காரருக்குச் சூடு போட்டா, அதுக்கும் ஒரு பேரு இருந்துச்சு சாமி. அதையும் நீங்க எடுத்துட்டீங்க.”

அநீதி என்ற சொல்லை யாரும் சொல்லவில்லை. எல்லார் காதிலும் விழுந்தது. ராஜாவை வெட்கம் பிடுங்கித் தின்றது. முதல்முறையாக அவர் பொறுமையாகப் படியிலேயே உட்கார்ந்தார்.

“மூன்று சொற்களும் திரும்பி வரட்டும். இப்போது நடந்ததைச் சொல்லுங்கள்.”

“ஓட்டையில புளி நாரை விட்டது என் பிழைங்க,” என்றாள் மாரக்காள்.

“காலையில வட்டிலைப் பாக்காம மிதக்கவிட்டது என் தவறுங்க,” என்றார் சடையாண்டி. “ஆனா வெயில் ஏறுனதைப் பாத்துட்டு, சேகண்டி பிந்துது, மகாராசாவை உடனே கிளப்புங்கன்னு ராயசக்காரர்கிட்ட ஓடிப் போய்ச் சொன்னேன். உன் வேலையைப் பாருன்னு விரட்டிட்டார்.”

வாசல் காவலர் இருவர், தாங்களும் கேட்டதாகச் சொன்னார்கள். ராஜா ஏகாம்பரத்தின் பக்கம் திரும்பினார்.

“தெரிந்தே மறைத்தீர். குற்றம் என்ற சொல்லை ஏன் மிச்சம் வைத்தீர் என்று இப்போது புரிகிறது. உமக்காகத்தான்.”

ராயசப் பதவி அன்றே போனது. இனி வாரம் தவறாமல் புளி போட்டு வட்டில் தேய்ப்பது ஏகாம்பரத்தின் வேலை. நார் இருக்கிறதா என்று பார்ப்பது அவர் மருமகனின் வேலை. சடையாண்டிக்குப் புது வட்டில் கிடைத்தது. மாரக்காளுக்குச் சபையில் ஓர் ஆசனம். ஒவ்வொரு வழக்கிலும், “இதுக்குப் பேரு என்ன?” என்று முதலில் கேட்பவள் அவள்தான்.

“என் பிழைக்கு என்ன தண்டனை?” என்று ராஜா கேட்டார்.

மாரக்காள் ஈரத் தரையைக் காட்டினாள். மேழிநாட்டு மன்னர் தம் சரிகை அங்கவஸ்திரத்தால் சபையைத் துடைத்தார். அண்டாவை மட்டும் மறுபடி கடைசிப் படியை ஒட்டியே வைக்கச் சொல்லிவிட்டார். அதன்பின் சிம்மாசனத்திலிருந்து இறங்கும்போதெல்லாம் குனிந்து பார்த்துத்தான் காலை வைத்தார்.