குதிரை நின்ற கல்லின் நிறம்

முன்னொரு காலத்தில் வெண்கரடு நாட்டைக் கொடிமாறன் என்றொரு அரசன் ஆண்டுவந்தான். கோட்டை கட்டியது, குளம் வெட்டியது, தளம் பாவியது எல்லாம் வேறு ஆட்கள். ஆண்டது மட்டும் அவன்.

அவனுக்குச் சதுரங்கப் பித்து. அரண்மனை முற்றத்தில் கறுப்பும் வெள்ளையுமாக அறுபத்து நான்கு கற்களைப் பாவச் சொல்லி, இடுப்பளவு மரக்காய்களை நிறுத்தி ஆடுவான். ஆடுகிறவர்களே காய்களைத் தூக்கி வைக்க வேண்டும். செருப்போடு யாரும் தளத்தில் ஏறக்கூடாது.

அந்தக் கற்களைப் பாவியவர்களில் காத்தான் ஒருவன். ஒருநாள் உச்சி வெயிலில் உளியைக் கீழே வைத்து, "கல் கொதிக்கிறது. வெயில் தாழட்டும், பிறகு செய்வோம்" என்றான். முப்பது பேர் அவனோடு உட்கார்ந்தார்கள். தளவாய் வேம்பராயர் அரசனிடம் ஓடினார். வெயிலைச் சொல்லி வேலையை நிறுத்துகிறவனுக்குச் சிறை என்று ஆணை எழுதி, முத்திரையும் வாங்கிவிட்டார். காத்தான் உள்ளே போனான். மற்றவர்கள் உளியை எடுத்தார்கள். அவர்களில் அவன் மனைவி பூவாத்தாளும் இருந்தாள்.

ஒருநாள் காலை, அரசன் தளவாயிடம் தொடர்ந்து மூன்றாவது முறையாகத் தோற்றுக்கொண்டிருந்தான். ஆட்டத்தின் முடிவுப் பகுதியை மட்டும் காய் நிறுத்தி ஆடினார்கள்: அரசனிடம் ராஜா மட்டும். தளவாயிடம் ராஜா, ஒரு குதிரை, ஒரு சிப்பாய். குதிரையைத் தளவாய் விரும்பிய கல்லில் வைப்பார்; முதல் அடி அரசனுக்கு. தளவாயின் ராஜா மூலைக் கட்டத்தில் அடைபட்டிருந்தது. சிப்பாய் அதற்கு ஓரடி பின்னால். ராஜா வெளியே வந்தால் போதும், சிப்பாய் மூலைக்குள் நுழைந்து மந்திரியாகிவிடும். வரவிடாமல் காவல் காக்க இரண்டே கட்டங்கள், பக்கத்துப் பக்கத்தில்: ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. அரசன் அவற்றுக்குள் மாறி மாறி நகர்ந்தான். குதிரை நாலு தாவலில் வந்து, அவன் அடுத்துப் போகவேண்டிய கட்டத்தைப் பறித்தது. காவல் உடைந்தது.

"குதிரையும் சிப்பாயும் என் கையில் இருந்தால் இந்திரனே வந்தாலும் தோற்பான், மகாராஜா!" என்றார் தளவாய்.

முற்றத்து ஓரத்தில் உடைந்த கல்லை மாற்றிக்கொண்டிருந்த பூவாத்தாள் சிரித்துவிட்டாள்.

"யாரடி நீ?" என்றான் அரசன்.

"கல் பாவுகிறவள், மகாராஜா. தோற்கவே முடியாத ஆட்டத்தில் எப்படித் தோற்றீர்கள் என்று நினைத்தேன். சிரிப்பு வந்துவிட்டது."

"உளி பிடிக்கிற கைக்குச் சதுரங்கமா!" என்று தளவாய் துள்ளினார். "உங்கள் ராஜாவை வைத்து இவளே ஆடட்டும், மகாராஜா! தோற்றால் புருசன் பக்கத்திலேயே இவளுக்கும் ஓர் இடம்."

அரசனுக்குக் கண் மின்னியது. "தோற்காமல் நின்றால்?"

"என் புருசன் வெளியே வரவேண்டும். முதல் அடி எனக்கு. அடியை எண்ணி ஆட்டத்தை முடிக்கக்கூடாது. யார் வாயிலிருந்து 'நிறுத்துவோம்' வருகிறதோ அவர்தான் தோற்றவர்."

"முதல் அடி உனக்கு, கடைசி அடி எனக்கு!" என்று சிரித்த தளவாய், வழக்கம்போலக் குதிரையைக் கறுப்புக் கல்லில் வைத்தார்.

பூவாத்தாள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. குதிரையின் காலடியைப் பார்த்தாள். தன் ராஜாவைத் தூக்கிக்கொண்டு போய்க் காவல் கட்டங்களில் கறுப்பில் வைத்தாள். தளவாயின் முகம் மாறியது.

ஒவ்வொரு கல்லையும் கையால் பதித்தவளுக்கு ஒன்று தெரியும். கறுப்பில் நிற்கும் குதிரை வெள்ளையைத்தான் அடிக்கும். தாவினால் வெள்ளையில்தான் விழும். தளவாயின் ராஜாவும் சிப்பாயும் அசைய முடியாததால், ஒவ்வொரு முறையும் குதிரைதான் தாவ வேண்டும். அது நிற்கும் நிறத்தில் இவளும் நின்றுவிட்டால், இவள் அடுத்துப் போகும் கட்டத்தை அது என்றைக்கும் பறிக்க முடியாது.

குதிரை வெள்ளைக்குத் தாவியது. இவள் வெள்ளைக்கு வந்தாள். அது கறுப்புக்குத் தாவியது. இவளும் கறுப்புக்கு வந்தாள். எங்காவது ஒருமுறை தவறுவாள் என்று தளவாய் குதிரையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முற்றமெல்லாம் ஓடினார். தெற்கு மூலை, வடக்கு மூலை, நடுவில் ஒரு சுற்று! இவள் ஓரடி அந்தப் பக்கம், ஓரடி இந்தப் பக்கம்.

"மெதுவாக, தளவாய் ஐயா. குதிரைக்கு மூச்சு வாங்கப் போகிறது."

மற்ற கல் வேலைக்காரர்களும் உளியைப் போட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள். ஐம்பது அடி! எழுபது! நூற்றிருபது! சூரியன் உச்சிக்கு ஏறியது. கறுப்புக் கல் அடுப்பாகக் காய்ந்தது. பூவாத்தாளின் பாதம் அந்தச் சூட்டிலேயே தடித்த பாதம். தளவாயின் பாதமோ கம்பளம் தவிர வேறெதையும் அறியாதது. ஒற்றைக் காலில் நொண்டினார், குதித்தார், கடைசியில் குதிரையைக் கீழே போட்டுவிட்டு அலறினார்:

"கல் கொதிக்கிறது, மகாராஜா! வெயில் தாழட்டும், பிறகு ஆடுவோம்! இப்போது நிறுத்துவோம்!"

"கேட்டீர்களா, மகாராஜா?" என்றாள் பூவாத்தாள். "என் புருசன் சொன்னதும் இதுதான். அவன் அலறவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்."

அரசன் குடை நிழலில் இருந்த ஆசனத்தை விட்டு இறங்கி, ஒரு பாதத்தைக் கல்லில் வைத்தான். வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

"ஆணையை எழுதியது யார், தளவாய்?"

"நான்தான், மகாராஜா..."

"அப்படியானால் சிறைக்கு வழி உமக்குத் தெரியும். காத்தான் வெளியே வரட்டும், அந்த இடத்துக்கு நீர் போம்." பிறகு பூவாத்தாளிடம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினான். "நான் எப்படித் தோற்றேன்?"

"மங்கலம் என்று எப்போதும் வெள்ளைக் கல்லில்தான் முதல் அடி வைப்பீர்கள். தளவாய் ஐயா அதைக் கவனித்துத்தான் குதிரையைக் கறுப்பில் வைப்பார்."

அரசனின் காது சிவந்தது. "இன்னும் என்ன வேண்டும், கேள்!"

"உச்சி வேளைக்கு ஒரு மணி, மகாராஜா. அடித்தால் எல்லா உளியும் கீழே."

மறுநாளே மணி வந்தது. 'இது கொடிமாறன் கருணை' என்று தளத்தின் ஓரக் கல்லில் வெட்டவும் அரசன் கட்டளையிட்டான். அந்த வேலை காத்தானுக்கே வந்தது. 'இது கொடிமாறன்' வரை வெட்டினான். மணி அடித்தது. உளியைக் கீழே வைத்தான்.

அதன் பிறகு அவனுக்கு வேறு வேலைகள் இருந்தன. கல் இன்னும் அப்படியேதான் கிடக்கிறது.