கை வைக்காத கம்பி

தார்சியுஸ் வாழ்நாளில் பாதிக்கு மேல் சரக்குக் கப்பல்களில் சமையல்காரராக இருந்தவர். முழங்கால் வலி வந்து தரையிறங்கிய பின், தூத்துக்குடியில் ஜோவிட்டாவின் கிட்டார் பட்டறைக்கு வந்து, தனக்கு வேலை கற்றுத்தர முடியுமா என்று கேட்டார். ஜோவிட்டா அவரைவிட வயதில் மிகவும் இளையவள். சென்னையில் தொழில் கற்று ஊர் திரும்பியவள். பழைய கிட்டார்களைப் பழுது பார்ப்பாள், எப்போதாவது புதிதாக ஒன்றைச் செய்வாள்.

"என்னத்துக்கு இந்த வயசுல?" என்று கேட்டாள்.

"நான் சமைச்சதெல்லாம் அன்னன்னைக்கே தீந்துபோச்சு. தீராத ஒண்ணைச் செய்யணும்."

முதலில் நட்டு செய்யப் பழகுங்கள் என்றாள் ஜோவிட்டா. தார்சியுஸ் ஸ்பேனர் எங்கே என்று சுற்றிலும் பார்த்தார். அவள் சிரித்துவிட்டு ஒரு கிட்டாரை எடுத்து, அதன் கழுத்தின் மேல்முனையைக் காட்டினாள். ஆறு கம்பிகளும் முறுக்காணிகளுக்குப் போகும் முன் ஒரு சிறிய வெள்ளைத் துண்டின் மேல் படிந்து, அதில் ராவியிருந்த ஆறு பள்ளங்களில் உட்கார்ந்திருந்தன. அந்தத் துண்டுக்குத்தான் நட்டு என்று பெயர். மலிவான கிட்டாரில் அது பிளாஸ்டிக். நல்ல கிட்டாரில் மாட்டெலும்பு.

எலும்பு என்றதும் தார்சியுஸின் முகம் தெளிந்தது. எலும்பு வேகவைப்பதில் தன்னைப் போல் ஒருவர் இந்த ஊரில் கிடையாது என்றார். அன்றே மாட்டுக்கறிக் கடைக்குப் போய் நல்லி எலும்பாகப் பார்த்து வாங்கிவந்து, குக்கரில் போட்டு மாலைவரை விசிலடிக்க விட்டார். ஒட்டியிருந்த சதையெல்லாம் தானாகக் கழன்று விழுந்தது. மொட்டைமாடி வெயிலில் காயவைத்தார். எலும்பு சுண்ணாம்பாக வெளுத்தது.

அதை ஜோவிட்டாவின் மேசையில் கொண்டுபோய் வைத்தார். அவள் கையில்கூட எடுக்கவில்லை. ஒரு துண்டு அறுத்துப் பள்ளம் போடச் சொன்னாள். ரம்பம் சுலபமாக இறங்கியது. அரத்தை வைத்து ராவியதும் பள்ளத்தின் விளிம்பு பொடிப்பொடியாக உதிர்ந்தது. இன்னொன்றை எடுத்தார். அதுவும் உதிர்ந்தது.

"ஏன் மாஸ்டர் இப்படி?" என்று கேட்டார். அவளை அவர் மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார். சமையல்கட்டில் தலைமைச் சமையல்காரரைக் கூப்பிடும் சொல் அது.

"வேகவெச்ச தண்ணியை என்ன செஞ்சீங்க?"

எந்தச் சமையல்காரன் அதைக் கொட்டுவான் என்று தார்சியுஸுக்குத் தோன்றியது. மிளகு தட்டிப் போட்டு சூப்பாக்கி வீட்டில் வைத்திருப்பதாகச் சொன்னார். அவள் கொண்டுவரச் சொன்னாள். தூக்குவாளியில் கொண்டுவந்தார். இரண்டு டம்ளர்களில் ஊற்றி, ஒன்றை அவரிடம் தந்து, மற்றதை எதிரில் உட்கார்ந்து நிதானமாகக் குடித்து முடித்தாள்.

"உதட்டுல ஒட்டுது, அண்ணாச்சி."

"ஒட்டத்தான் செய்யும். நல்ல சூப்புல்லா?"

"நல்ல சூப்பு. இந்தப் பசைதான் எலும்பை உதிராமப் பிடிச்சு வெச்சிருந்தது."

தார்சியுஸ் டம்ளரையும் எலும்பையும் மாறி மாறிப் பார்த்தார். மீதி சூப்பைக் குடிக்கவில்லை.

மறுபடி ஆரம்பித்தார். கொழுப்பு போக வேண்டும், பசை நிற்க வேண்டும் என்பதற்குமேல் அவள் எதுவும் சொல்லவில்லை. எவ்வளவு நேரம் அடுப்பில் இருக்கலாம் என்று கேட்டதற்கு, பக்கத்திலேயே நின்று பாருங்கள் என்றாள். இத்தனை காலமும் எலும்பிலிருந்து எதையும் மிச்சம் விடாமல் இறக்கப் பழகிய கை அது. இப்போது எலும்பிலேயே விட்டுவைக்கப் பழக வேண்டியிருந்தது. இரண்டு முனைகளையும் அறுத்து, உள்ளேயிருந்த மஜ்ஜையைக் கம்பியால் தள்ளிச் சுரண்டினார். தண்ணீரை ஆவி பறக்கும் சூட்டுக்கு மேல் போகவிடவில்லை. ஒட்டியிருந்த நாரைக் கத்தியின் முதுகால் வழித்தார். பிறகு பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்த வெதுவெதுப்பான நீரில் ஊறப்போட்டார். காலையில் நீரின்மேல் கொழுப்பு படலமாக மிதக்கும். கொட்டிவிட்டு வேறு நீர் மாற்றுவார். மறுநாளும் மிதக்கும். எலும்பு வெளியே எவ்வளவு சுத்தமாகத் தெரிந்தாலும் உள்ளேயிருந்து அது வந்துகொண்டே இருந்தது.

பொறுமை போய், பிளீச்சிங் பவுடர் போட்டால் என்ன என்று ஒருநாள் கேட்டார். அது எலும்பையே தின்றுவிடும் என்றாள். படலம் முற்றிலும் நின்ற பிறகுதான் மருந்துக்கடையில் புண் கழுவ விற்கும் பெராக்சைடை வாங்கிவந்து ஊறவைக்க விட்டாள். இந்தமுறை எலும்பு சுண்ணாம்பு நிறத்துக்குப் போகவில்லை. உடைத்த தேங்காயின் உட்புறம் போல் ஒரு வெண்மை வந்தது. பட்டறையின் பின்னால் நிழலில், பழைய மீன்வலைத் துண்டின் மேல் பரப்பிக் காயவைத்தார். வாரங்கள் போயின. மூக்கையும் வாயையும் மறைத்துக் கட்டிக்கொண்டு பட்டைகளாக அறுத்தார். பல் டாக்டரிடம் அடிக்கும் வாடை அடித்தது. அறுத்த பட்டை ஒன்று கை தவறித் தரையில் விழுந்தபோது பீங்கானைத் தட்டியதுபோல் கணீரென்றது.

உள்ளேயிருந்த ஜோவிட்டா எழுந்து வந்தாள். குனிந்து அதை எடுத்து, வேண்டுமென்றே மறுபடி போட்டு ஓசையைக் கேட்டாள்.

"எடுத்து வைங்க" என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் அன்சல்ம் வந்தான். விசைப்படகில் வேலை செய்தவன். வலை இழுக்கும் வின்ச்சில் இடது கை சிக்கி, அந்தக் கையில் இப்போது கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரல்களும் மட்டுமே இருந்தன. விபத்துக்கு முன்னால் மாதா கோயில் பாடற்குழுவில் கிட்டார் வாசித்தவன். பிறகு வீட்டிலேயே, யாருக்கும் தெரியாமல், கம்பிகளைத் தனக்கேற்றபடி சுருதி மாற்றிவைத்து, பெரும்பாலான கம்பிகளைத் தொடாமல் விட்டு, இரண்டே விரல்களால் வாசிக்கப் பழகியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை மாலைத் திருவிழாப் பூசையில் வாசிக்கச் சொல்லிப் பாடற்குழுவினர் கேட்டிருந்தார்கள். விபத்துக்குப் பிறகு ஊர் முன்னால் அவன் உட்காரப்போவது அதுதான் முதல்முறை. கை வைக்காத கம்பிகள் தகரம் மாதிரி ஒலிக்கின்றன, நட்டை மாற்றித் தாருங்கள் என்றான்.

கம்பியை விரலால் அழுத்தினால், அழுத்திய இடத்திலிருந்து ஒலி கிளம்பும். அப்போது நட்டுக்கு வேலையில்லை. கை வைக்காத கம்பியில்தான் நட்டு பேசும். மற்றவர்கள் வாசிப்பில் அது அவ்வப்போது வரும். அன்சல்முக்கோ பாட்டின் முக்கால்வாசி அதன் மேல்தான் நின்றது.

"நீங்களே செஞ்சு தாங்கக்கா" என்றான்.

"அண்ணாச்சி செய்வாங்க" என்று சொல்லிவிட்டு ஜோவிட்டா தன் வேலைக்குத் திரும்பினாள்.

தார்சியுஸ் தயங்கவில்லை. காய்ந்த பட்டைகளில் நல்லதாக ஒன்றை எடுத்து அளவுக்கு இழைத்து, பள்ளங்களை ராவி, சனிக்கிழமை மாலை கம்பிகளைப் பூட்டினார். ஐந்து கம்பிகள் நன்றாக ஒலித்தன. மூன்றாவது கம்பி மட்டும் ஈ இரைவதுபோல் இரைந்தது. அந்தப் பள்ளம் ஒரு மயிரிழை ஆழமாகிவிட்டது.

அதற்கு வழி உண்டு. ராவிய எலும்புத் தூளைப் பள்ளத்தில் நிரப்பி ஒரு சொட்டுப் பசை விட்டால் இறுகிவிடும். அவசரமாக வருபவர்களுக்கு ஜோவிட்டா அப்படிச் செய்ததை அவரே பார்த்திருக்கிறார்.

"தூள் போட்டு ஒட்டலாமா, மாஸ்டர்?"

"ஒட்டினா நிக்கும்."

"அப்போ ஒட்டட்டா?"

"நிக்கும்னுதான் சொன்னேன்."

தார்சியுஸ் அரத்தைக் கீழே வைத்தார். அன்சல்ம் பட்டறைக்கு வந்த அன்று கட்டைவிரலோடு சேர்த்து மூன்று விரல்களால் கிட்டாரின் கழுத்தைப் பிடித்துக்காட்டியது நினைவுக்கு வந்தது. கம்பிகளைக் கழற்றி, செய்த நட்டைப் பெயர்த்துக் கழிவு டப்பாவில் போட்டார். வேறு பட்டையை எடுத்தார்.

ஞாயிறு மதியம் அன்சல்ம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தபோது கிட்டார் கம்பியில்லாமல் மேசையில் கிடந்தது. அவன் முகம் மாறிவிட்டது. பூசைக்கு நேரமாகிறது, பழைய பிளாஸ்டிக்கையே மாட்டுங்கள், அதுவும் ஆகாதென்றால் நான் வாசிக்கவே வரவில்லை என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன் என்றான். ஜோவிட்டா தலை நிமிரவில்லை.

"உக்காருங்க தம்பி" என்றார் தார்சியுஸ். "கப்பல்ல சாப்பாட்டு மணி அடிச்ச பிறகு நான் யாரையும் காக்க வெச்சது கிடையாது. உங்க கம்பியை நீங்களே தட்டுங்க. நான் கேட்டுக்கிட்டே ராவுதேன்."

அன்சல்ம் உட்கார்ந்தான். அவன் தட்டுவான். தார்சியுஸ் கேட்டுவிட்டுக் கம்பியைத் தளர்த்தி, அரத்தைப் பள்ளத்தில் ஓரிரு முறை மட்டும் ஓட்டி, மறுபடி முறுக்குவார். மறுபடி தட்டுவான். இப்படியே ஒவ்வொரு கம்பியாகப் போனது. மூன்றாவது கம்பி வந்தபோது தார்சியுஸ் மூச்சை அடக்கிக்கொண்டார். எல்லாம் முடிந்ததும் அன்சல்ம் இடது கையை முழுவதுமாக எடுத்துவிட்டு ஆறு கம்பிகளையும் ஒருசேர மீட்டினான். ஒலி எழுந்து பட்டறையில் நின்றது. அது அடங்கும்வரை காத்திருந்து இன்னொருமுறை மீட்டினான். பிறகு தன் இடது கையைப் பார்த்தான். கிட்டாரை உறையில் போட்டுக்கொண்டு வேகமாகப் போய்விட்டான்.

மாலையில் இருவரும் கோயிலுக்குப் போனார்கள். கூட்டம் முற்றம்வரை நின்றதால் பக்கவாசலில்தான் இடம் கிடைத்தது. காணிக்கைப் பாட்டின் நடுவில் குரல்கள் நின்று கிட்டார் மட்டும் தனியாகப் போனது. முதலில் கொஞ்சம் தயங்கியது. பிறகு தயங்கவில்லை. கம்பிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒலித்துக் கூரைவரை போயின. முன்வரிசையில் அன்சல்மோடு படகில் போனவர்கள் தலை குனிந்து நின்றார்கள்.

பூசை முடிந்ததும் எல்லோரும் அன்சல்மைச் சூழ்ந்துகொண்டார்கள். ரெண்டு விரல்ல என்ன வாசிப்பு என்று ஒருவர் மாற்றி ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவனுடைய கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர்களும் உண்டு. தார்சியுஸ் அவன் பார்வையில் படும் தூரத்தில் சற்று நேரம் நின்றார். கிட்டாரின் கழுத்தை யாரும் பார்க்கவில்லை. ஜோவிட்டா வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு காத்திருந்தாள். அவர் வந்து சேர்ந்துகொண்டார்.

கடற்கரைச் சாலைவரை இருவரும் நடந்தார்கள். அங்கே வந்ததும் அவரால் பொறுக்க முடியவில்லை.

"மாஸ்டர், நட்டு எப்படிக் கேட்டுது?"

ஜோவிட்டா நின்று அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நட்டா? எனக்கு அன்சல்ம்தான் கேட்டுது, அண்ணாச்சி."