ஏட்டிலிருந்து காணாமல் போன ராஜா

ஸ்காட்லாந்து மலைப்பக்கத்தில் ஒரு ராஜா. ஆள் நல்லவர்தான், என்ன, பைப் ஊதுவார். அந்தத் தோல்பை வாத்தியத்தை நன்றாக ஊதினாலே காது தாங்காது. ராஜா ஊதினால் கேட்கவே வேண்டாம். பிறந்தநாள் விருந்தில் அவர் ஊத, சபை மொத்தமும் கண்ணை மூடி ரசிக்கிற மாதிரி நடித்தது. டோரன் குலத் தலைவர் மட்டும் ரொட்டியைப் பிய்த்து இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டார்.

ராஜாவுக்கு வந்ததே கோபம். அதை விசிறிவிட ரோனால்ட் பிரபு பக்கத்திலேயே இருந்தார். ராஜாவின் கொள்ளுத்தாத்தாவுடைய தம்பி வழியில் வந்த பங்காளி. டோரன் பள்ளத்தாக்கை ஒட்டித்தான் அவர் நிலம். பல வருஷமாக அதன்மேல் ஒரு கண்.

கட்டியக்காரர் கேப்டன் லாக்லனைக் கூப்பிட்டார்கள். இருபது வருஷம் பட்டாளத்தில் இருந்தவர். இப்போது சபையில் பெயர் கூவுவதும், எந்தக் குலத்தில் யார் யாருக்குப் பிறந்தார் என்று ஏடு எழுதுவதும் அவர் வேலை. ஏட்டில் பெயர் இருந்தால்தான் நிலம், பட்டம் எல்லாம்.

"டோரன் வழியில் பிறந்த ஒருத்தர் பெயரும் ஏட்டில் இருக்கக் கூடாது. வெள்ளிக்கிழமைக்குள் அடித்துவிடு. இல்லாவிட்டால் உன் தலை இருக்காது" என்றார் ராஜா.

"பெண் வழியையும் சேர்த்துச் சொல்லுங்கள் மகாராஜா. நாளைக்குப் பேரன் என்று எவனாவது நிலம் கேட்டு வந்து நிற்பான்" என்றார் ரோனால்ட். ராஜா அதையும் சேர்த்தார்.

முந்நூறு குடும்பம் தெருவுக்கு வந்துவிடும். ஒரு சண்டையில் காலில் குண்டு பாய்ந்து சேற்றில் கிடந்த லாக்லனைப் போர்வையில் போட்டுத் தூக்கி வந்தவர்கள் அந்த டோரன் ஆட்கள்தான். ஆனால் பட்டாளத்துக்காரர் உத்தரவை மீறுவாரா? "அப்படியே செய்கிறேன்" என்று சல்யூட் அடித்துவிட்டு ஏட்டைப் புரட்ட உட்கார்ந்தார். ராஜா சொன்ன உத்தரவில் ஒரு வார்த்தையைக்கூட விடவில்லை.

ஏட்டில் எதை மாற்றினாலும் சபையில் உரக்கப் படிக்க வேண்டும் என்பது வழக்கம். வெள்ளிக்கிழமை லாக்லன் படித்தார். தலைவர், தம்பிகள், பிள்ளைகள் என்று பெயர் பெயராக அடித்துக்கொண்டே போனார். ரோனால்ட் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"அடுத்து, டோரன் குலத்து மகள் மொராக், நம் மகாராஜாவின் கொள்ளுப்பாட்டி. அடித்தாயிற்று."

கொள்ளுப்பாட்டி எந்த வீட்டுப் பெண் என்று எந்த ஆம்பிளைக்குத்தான் ஞாபகம் இருக்கிறது?

"அவர் பெற்ற பிள்ளை, அடித்தாயிற்று. அவர் பேரன், அதுவும் ஆயிற்று. பேரனுக்குப் பிறந்தவர்..."

"நிறுத்து. அது நான்" என்றார் ராஜா.

"ஆமாம் மகாராஜா. பெண் வழியும் சேர்த்து என்று உத்தரவு."

ராஜாவின் முகம் வெளிறிப்போனது. தன்னை உடனே திரும்ப எழுதச் சொன்னார். லாக்லன் பணிவாக விளக்கினார். கொள்ளுப்பாட்டியைச் சேர்க்காமல் கொள்ளுப்பேரனைச் சேர்க்க முடியாது, அப்பன் வீட்டைச் சேர்க்காமல் கொள்ளுப்பாட்டியைச் சேர்க்க முடியாது, ஆகக் குலம் மொத்தமும் உள்ளே வர வேண்டும். அதற்கு ராஜாவின் உத்தரவு வேண்டும்.

"நான்தான் சொல்கிறேனே."

"நீங்கள் ஏட்டில் இல்லையே." லாக்லன் ஒரு பக்கத்தைத் திருப்பினார். "அடுத்தது கொள்ளுத்தாத்தாவின் தம்பி வழி. ஏட்டின்படி இப்போது ராஜா, ரோனால்ட் பிரபு."

ராஜா மெதுவாகத் திரும்பிப் பங்காளியைப் பார்த்தார். கை வாளின் பிடியில் இருந்தது. லாக்லன் ரோனால்டின் முன்னால் நொண்டிக்கொண்டே போய் மண்டியிட்டு, பேனாவை நீட்டி, "மகாராஜா, தங்கள் உத்தரவு?" என்றார்.

"எழுதய்யா. எல்லாரையும் எழுது. ஒருத்தர் விடாமல் எழுதித் தொலை" என்று நடுங்கினார் ரோனால்ட்.

முந்நூறு குடும்பமும் ஏட்டுக்குத் திரும்பியது, கடைசியில் ராஜாவும். வாளை விட்டுவிட்டு அவர் வயிறு வலிக்கச் சிரித்தார். கழுத்துத் தங்கச் சங்கிலியைக் கழற்றி லாக்லனுக்குப் போட்டார்.

லாக்லன் மட்டும் ஏட்டை மூடவில்லை.

"ஒரே ஒரு சந்தேகம் மகாராஜா. ரோனால்ட் பிரபு அரை நிமிஷம் நாட்டை ஆண்டாரே, அதையும் எழுதிவிடவா?"