குதிரை பிடித்த சட்டம்

முன்னொரு காலத்தில், துப்பாக்கி என்ற சாமான் நம் பக்கம் புதிதாக வந்து இறங்கியிருந்த சமயத்தில், ஓர் அரசர் இருந்தார். கோபம் வந்தால் சட்டம் போடுவார். கோபம் தணிந்ததும் என்ன சட்டம் போட்டோம் என்று மறந்துவிடுவார்.

தேர்த் திருவிழாவன்று அவர் பல்லக்கில் வந்துகொண்டிருந்தபோது, கூட்டத்தில் எவனோ குஷியில் துப்பாக்கியால் சுட்டான். பல்லக்குத் தூக்கி சடையனின் இடது காது கிழிந்தது. பல்லக்கு சாய்ந்தது. அரசர் சேற்றில் உட்கார்ந்தார். சடையனின் காதைப் பற்றி எவரும் கவலைப்படவில்லை. அரசரின் பட்டு வேட்டியைப் பற்றி நாடே கவலைப்பட்டது.

"இனி இந்த நாட்டில் அந்தச் சனியன் இருக்கவே கூடாது! தளவாயே, சட்டம் எழுதும்!" என்றார் அரசர்.

தளவாய் திரிபுராந்தகருக்கு உடம்பு பெரிது. வயிற்றெரிச்சல் அதைவிடப் பெரிது. விகடகவி வெண்காடனிடம் அரசர் சிரித்துப் பேசினாலே அவருக்குச் சோறு இறங்காது. துப்பாக்கியை அவர் கையால் தொட்டதுகூட இல்லை. ஆனால் அதன் உறுப்புகளின் பெயர்களைக் காதால் கேட்டிருந்தார். நீண்ட இரும்புக்குப் பெயர் குழல். மேலிருந்து அடிக்கிற கொக்கிக்குக் குதிரை. உள்ளே இடிக்கிற கரித்தூளுக்கு மருந்து. வெளியே பறப்பது குண்டு. அவ்வளவுதான் அவருடைய ஞானம். அதை வைத்துக்கொண்டு கம்பீரமாக எழுதி வாசித்தார்:

"குழலோ, குதிரையோ, மருந்தோ, குண்டோ வைத்திருப்பவர் எவராயினும் சிறை!"

வெண்காடன் எழுந்தான். "துப்பாக்கி என்ற சொல்லையே காணோமே, தளவாய் அவர்களே?"

"அது பாமரர் பேச்சு. ராஜ சாசனத்தில் உறுப்புகளைத்தான் சொல்ல வேண்டும்."

"குதிரை என்றால் எந்தக் குதிரை என்றாவது..."

"பிரபு! இவன் சட்டத்துக்கு வியாக்கியானம் கேட்கிறான். எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றும் வேலையை இவனிடமே கொடுங்கள். நாளை மாலைக்குள் ஒன்று தப்பினாலும் இவன் தலை போகட்டும்."

அரசருக்கு இடுப்பு வலி. "அப்படியே ஆகட்டும்" என்றுவிட்டார்.

போகும் வழியில் வெண்காடன் சடையனைப் பார்த்தான். தலையைச் சுற்றிக் கட்டு. "சாமி, என் காதக் கிழிச்சவனப் புடிச்சிருவீங்கல்ல?" என்று அழாக்குறையாகக் கேட்டான் அவன்.

"பிடிக்கலாம் சடையா. அதற்கு முன்னால் குதிரையைப் பிடிக்கச் சொல்லியிருக்கிறார்கள்."

மறுநாள் மாலை அரண்மனை முற்றத்தில் கால் வைக்க இடமில்லை. படையின் குதிரைகள் அத்தனையும் நின்று பூச்சட்டிகளை மேய்ந்தன. கோயில் புல்லாங்குழல்காரர், புட்டுக்குழலோடு புட்டுக்காரி, ஊதுகுழலோடு தட்டான், மருந்துப் பெட்டியோடு அரண்மனை வைத்தியர் எல்லோருக்கும் விலங்கு. அரசர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"வைத்தியரே, மருந்து!"

"மருந்து காவலில் இருக்கிறது பிரபு. நானும்தான்."

"வெண்காடா, இது என்ன கூத்து?"

"சட்டம், பிரபு. இரண்டே பாக்கி. ஒன்று மகாராணியாரின் கருங்குழல். கூந்தலை வழிக்க நாவிதர் வாசலில் காத்திருக்கிறார்."

உப்பரிகையிலிருந்து மகாராணி அரசரை ஒரு பார்வை பார்த்தாள். அரசருக்கு இடுப்பு வலி மறந்துபோயிற்று.

"இன்னொன்று?"

"குண்டு, பிரபு. நாட்டிலேயே பெரிய குண்டு இதோ நிற்கிறார்" என்று தளவாயைக் காட்டினான் வெண்காடன். "சட்டப்படி குண்டுக்குச் சிறை இல்லை. வைத்திருப்பவருக்குத்தான் சிறை. இவரை வைத்திருப்பது..." என்று அரசரைப் பார்த்துப் பணிவாகக் கைகட்டினான்.

"அப்படியானால் அந்தச் சனியன் எங்கே?" என்று உறுமினார் அரசர்.

"ஒருவர் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. காவலர் இருவரோடு போய்க் கேட்டேன். தளவாயின் மைத்துனர் என்ன சொன்னார் தெரியுமா? 'இது துப்பாக்கிய்யா! சட்டத்துல அந்தப் பேரே இல்ல. எங்க அத்தான் பாத்து எழுதினது. திருவிழால வெடிச்சதும் இதேதான், தொட முடியுமா உன்னால?' என்றார். தொடவில்லை, பிரபு. எழுத்துப் பிசகக் கூடாதே."

தளவாய் மெல்ல ஒரு குதிரைக்குப் பின்னால் நகர்ந்தார். அரசர் அவரைப் பார்த்தார், பூச்சட்டி மேயும் குதிரையைப் பார்த்தார், புட்டுக்குழலைப் பார்த்தார். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டே சிரித்தார். வலிக்க வலிக்கச் சிரித்தார். தன் சால்வையை எடுத்து வெண்காடன் தோளில் போட்டார்.

"வேறென்ன வேண்டும், கேள்!"

"சாசனத்தில் ஒரு சொல் சேர்க்க வேண்டும் பிரபு. துப்பாக்கி. அப்புறம், சடையனின் காது ஆறும்வரை அவனைப் பல்லக்கில் வைத்துத் தூக்க இரண்டு ஆள்."

மறுநாள் பல்லக்கில் சடையன் கூச்சத்தோடு உட்கார்ந்திருந்தான். முன்னால் மைத்துனன், பின்னால் தளவாய். வழி நெடுகத் தளவாய் சடையனைத் திட்டிக்கொண்டே வந்தார். எல்லாம் கட்டுப் போட்ட இடது காதுப் பக்கமாகத் திட்டினார். சடையனுக்கு ஒன்றும் கேட்கவில்லை.